அபேட்சகரின் நெற்றி

"வேட்பாளரின் மதத்தைப் பார்க்கவே கூடாது; அவருடைய தகுதியை மட்டும்தான் பார்க்க வேண்டும்" என்று தேர்தல் காலத்தில் படித்தவர்கள் சொல்லுவார்கள். கேட்பதற்கு மிகவும் நன்றாக இருக்கும். பள்ளிக்கூடச் சுவரில் எழுதி வைத்தால் யாரும் ஆட்சேபிக்க மாட்டார்கள். ஆனால் இந்த வாக்கியத்தைச் சென்னையில் சாய்வு நாற்காலியில் இருந்துகொண்டு சொல்லுவது சுலபம்; கும்மிடிப்பூண்டி ரயிலேறி, பொன்னேரியில் இறங்கி, அந்த ஊர் ஜனங்களிடையே நின்று சொல்லுவது அவ்வளவு சுலபமல்ல. பொன்னேரியில் சட்டமே வேட்பாளரின் மதத்தைப் பார்க்கிறது. பார்ப்பதோடு நில்லாமல், சிலரை வாசலிலேயே நிறுத்தியும் விடுகிறது.

பொன்னேரி ஒரு தனித் தொகுதி. அதைத் தன்னுள் கொண்ட திருவள்ளூர் பாராளுமன்றத் தொகுதியும் தனித் தொகுதியே. தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்தவர்தாம் அங்கே நிற்கலாம். இதுவரை சரி, நூற்றாண்டுக் கணக்கான அநீதிக்கு இது ஒரு சிறு பரிகாரம், இதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் தாழ்த்தப்பட்ட வகுப்பார் யார் என்பதை வரையறுக்க 1950-ல் ஜனாதிபதி பிறப்பித்த உத்தரவின் மூன்றாவது பாராவைப் படித்துப் பாருங்கள். இந்து மதத்தைத் தவிர வேறு மதத்தை அநுசரிப்பவர் தாழ்த்தப்பட்ட வகுப்பினராகக் கருதப்பட மாட்டார் என்பது அதன் சாரம். 1956-ல் சீக்கியர்களுக்காகவும் 1990-ல் பௌத்தர்களுக்காகவும் அந்தக் கதவைக் கொஞ்சம் திறந்தார்கள். கிறிஸ்தவருக்கும் முஸ்லிமுக்கும் திறக்கவில்லை. ஆகவே, ஒரே தெருவில் பிறந்து, ஒரே அவமானத்தைத் தின்று வளர்ந்த அண்ணன் தம்பி இருவரில், தம்பி ஞானஸ்நானம் பெற்றுவிட்டால் அண்ணன் பொன்னேரியில் சட்டசபைக்கு நிற்கலாம், தம்பி நிற்க முடியாது. வாக்காளர் மதத்தைப் பார்க்காமலிருக்கலாம். தாசில்தார் பார்த்தே ஆக வேண்டும்.

வேட்பாளரை முன்பெல்லாம் அபேட்சகர் என்றுதான் எழுதுவோம். எனக்கு அந்தப் பழைய சொல்லில் ஒரு பிரியம் உண்டு. அபேட்சிக்கிறவர், அதாவது விரும்பி வேண்டி நிற்கிறவர். கை நீட்டிக் கேட்கிறவரின் பணிவு அந்தச் சொல்லில் இருக்கிறது. நம்மிடம் வேண்டி நிற்கிற ஆசாமியின் நெற்றியை நாம் பார்க்கலாமா, பார்த்தால் எதற்காகப் பார்ப்பது என்பதுதான் இங்கே என் கேள்வி.

பழவேற்காட்டைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வி புத்தகக் கேள்வியாகத் தோன்றாது. பொன்னேரித் தாலுகாவைச் சேர்ந்த அந்தச் சிறிய ஊரில் எத்தனை மதங்கள் வந்து கரையேறியிருக்கின்றன! போர்த்துகீசியர் காலத்தில் தொடங்கிய மகிமை மாதா கோயில் இருக்கிறது. 1515-லிருந்து அதன் சரித்திரத்தைச் சொல்லுகிறார்கள். 1609-ல் வந்த டச்சுக்காரர்கள் கட்டிய கெல்ட்ரியா கோட்டை மண்மேடாகிவிட்டது. அவர்களுடைய கல்லறைகள் மட்டும் வாசலில் செதுக்கிய எலும்புக்கூடுகளோடு நிலைத்திருக்கின்றன. ஆதிநாராயணப் பெருமாள் கோயில் இருக்கிறது. மசூதிகள் இருக்கின்றன, முஸ்லிம் பெண்கள் பின்னும் பனையோலைக் கூடைகள் சென்னைக் கடைகள் வரை வருகின்றன. சுற்றிலும் மீனவர் குப்பங்கள். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதா குப்பம் என்று பெயர்களைப் பாருங்கள். ஒன்றில் டச்சுக்காரன், ஒன்றில் பரதேசி, ஒன்றில் மேரி மாதா. பெயர்களை வைத்துச் சித்தாந்தம் கட்டுவது கதைக்காரர்களின் கெட்ட பழக்கம். ஆகையால் இதோடு விடுகிறேன்.

ஆனால் இந்த மூன்று குப்பங்களிலும் நடந்து வந்திருக்கும் ஒரு ஏற்பாட்டைச் சொல்லாமல் விட முடியாது. அதற்குப் 'பாடு' என்று பெயர். ஏரியில் இறால் கிடைக்கும் நல்ல இடங்கள் கொஞ்சம்தான். எல்லோரும் அங்கேயே வலை போட்டால் அடிதடி வரும். ஆகவே சீட்டுக் குலுக்கிப் போட்டு, இன்றைக்கு இந்த இடம் உனக்கு, நாளைக்கு அந்த இடம் எனக்கு என்று முறை வைத்துக்கொள்ளுகிறார்கள். கணக்குத் தலைக்கட்டுக் கணக்கு. பணக்காரனுக்கு நல்ல இடம், ஏழைக்குக் கெட்ட இடம் என்பது கிடையாது. அர்த்தசாஸ்திரம் படித்த பண்டிதர்கள் வெளிநாட்டிலிருந்தெல்லாம் வந்து இதை ஆராய்ந்து, சர்க்காரின் தயவில்லாமல் ஜனங்களே நடத்தும் நியாயம் என்று மெச்சியிருக்கிறார்கள். மெச்சத்தக்கதுதான். ஆனால், சீட்டுப் போடுவதற்கு முன்பே ஒரு கேள்வி இருக்கிறதல்லவா? குடத்துக்குள் யாருடைய சீட்டைப் போடுவது? அங்கேதான் நியாயத்தின் எல்லை தெரிகிறது. பாடு என்பது பட்டினவர் சமூகத்தின் தலைக்கட்டுகளுக்கு. அதே ஏரியை நம்பிப் பிழைக்கும் தாழ்த்தப்பட்ட மீனவர்களுக்கும், கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களுக்கும் அந்தக் குடத்தில் இடமில்லை. உள்ளே இருப்பவர்களுக்குள் அப்பழுக்கில்லாத சமத்துவம்; வெளியே நிற்பவர்களுக்குச் சாத்திய கதவு.

இப்போது தேர்தலுக்கு வாருங்கள். அங்கே எல்லாம் தலைகீழ். பட்டினவர் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருப்பவர்கள். அவர்கள் பொன்னேரியில் நிற்க முடியாது. முஸ்லிம் நிற்க முடியாது. மேல்சாதி இந்து நிற்க முடியாது. ஏரியில் யாருக்குச் சீட்டு இல்லையோ அவருக்குத்தான் சட்டசபைக் குடத்தில் சீட்டு. இதைக் கண்டு சந்தோஷப்படலாம் என்று நினைக்கும்போதே, அவர்களிலும் கிறிஸ்தவராகிவிட்டவருக்கு இங்கேயும் சீட்டு இல்லை என்று தெரிகிறது. பாட்டு உரிமை பிறப்போடு வருவது. ஞானஸ்நானத்தால் அது கிடைத்துவிடுவதில்லை. ஏரியில் பிறப்பு அவரை வெளியே நிறுத்துகிறது, தேர்தலில் மதம் அவரை வெளியே நிறுத்துகிறது. இரண்டு கதவுக்கும் நடுவே திண்ணையில் உட்கார்ந்திருக்கும் இந்த மனிதனைப் பற்றி, "மதத்தைப் பார்க்கக்கூடாது" என்று உபதேசிக்கும் நம்மவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

இந்தத் திண்ணைக்காரனின் கதை நீதிமன்றங்களில் பல தடவை நடந்திருக்கிறது. தமிழ்த் தொழிலாளிகள் நிறைந்த கோலார் தங்கவயல் ஒரு தனித் தொகுதியாக இருந்தது. 1967-ல் அங்கே எஸ். ராஜகோபால் என்பவர் வென்றார். அவர் 1949-லேயே கிறிஸ்தவராகிவிட்டவர் என்று எதிரே நின்ற ஆறுமுகம் வழக்குத் தொடுத்தார். மறுபடி இந்துவாகிவிட்டேன் என்றார் ராஜகோபால். 1968-ல் சுப்ரீம் கோர்ட் அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்லிற்று. திரும்பி வந்தால் மட்டும் போதாது, பழைய சாதியார் அவரைத் தம்மவராக மறுபடி ஏற்றுக்கொண்டதற்கு ருசு வேண்டும் என்றது. 1972-ல் அதே தொகுதியில் அவரே நின்றார், அவரே வென்றார், மறுபடி வழக்கு. 1975 டிசம்பரில், சாதியார் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள், ஆகவே தேர்தல் செல்லும் என்று அதே கோர்ட் கூறிற்று. இந்தக் கதையில் எனக்கு வியப்பாக இருப்பது ஒன்று. கடவுளை அவர் எந்தப் பெயரால் கும்பிட்டார் என்பது முடிவான கேள்வியாகவே இல்லை. சாதி திரும்பச் சேர்த்துக்கொண்டதா என்பதுதான் கேள்வி. மதம் என்று சொல்லித் தொடங்கிய விசாரணை சாதியில் போய் முடிந்தது. நம் நாட்டில் மதம் என்ற பலகையை எங்கே திருப்பினாலும் பின்புறத்தில் சாதி என்று எழுதியிருக்கும் போலும்.

தேவிகுளம் விவகாரம் சமீப காலத்தது. அதுவும் தமிழர்கள் தேயிலை பறிக்கும் மலைதான். 2021-ல் அங்கே வென்ற ஏ. ராஜாவின் தேர்தலை, அவர் கிறிஸ்தவர் என்று சொல்லி 2023 மார்ச்சில் கேரள ஹைகோர்ட் ரத்துச் செய்தது. சர்ச்சின் பதிவேடுகளும் கல்யாணப் புகைப்படங்களும் சாட்சிக் கூண்டேறின. 2025 மே மாதத்தில் சுப்ரீம் கோர்ட் அந்தத் தீர்ப்பைத் தள்ளி, அவர் பதவி செல்லும் என்றது. சட்ட நுட்பங்களுக்குள் நான் போகவில்லை. கல்யாணப் போட்டோவைப் பார்த்து ஒரு மனிதனின் நம்பிக்கையைக் கண்டுபிடிக்க முற்படுவது நாவலாசிரியன் செய்கிற காரியம். நீதிபதிகள் செய்ய நேர்ந்தது அவர்களுடைய துர்ப்பாக்கியம். இதே ராஜா 2021-ல் தமிழில் பதவிப் பிரமாணம் எடுத்தார். கொடுக்கப்பட்ட தமிழ் வாசகத்தில் கடவுள் பெயராலும் இல்லை, உளமார உறுதி கூறுவதும் இல்லை, மொழிபெயர்ப்பில் விட்டுப்போயிருந்தது. ஆகவே சில நாட்களுக்குள் அவர் மறுபடி பிரமாணம் எடுக்க வேண்டியதாயிற்று. இதை ஒரு கதையில் எழுதினால், ஆசிரியர் மிகைப்படுத்துகிறார் என்று நீங்களே கடிதம் போடுவீர்கள்.

சரி, சட்டத்தை விட்டு வாக்காளருக்கு வருவோம்.

"நம் மதத்தவன்தான் நம்மைப் பிரதிநிதிப்படுத்த முடியும்" என்ற வாதம் ஒரு காலத்தில் இந்த நாட்டில் சட்டமாகவே இருந்தது. 1909-ல் முஸ்லிம்களுக்குத் தனி வாக்காளர் பட்டியல் தொடங்கிற்று. 1937 தேர்தலின்போது சென்னைச் சட்டசபையில் 215 இடங்கள். அவற்றில் 28 முஸ்லிம்களுக்கு, 8 இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு. முஸ்லிம் இடத்துக்கு முஸ்லிம் நிற்பார், முஸ்லிம்களே ஓட்டுப் போடுவார்கள். பழவேற்காட்டு மசூதித் தெருக்காரரும் மாதா கோயில் தெருக்காரரும் ஒரே அபேட்சகரைப் பற்றிச் சண்டை போடக்கூட வழியில்லை. சண்டை போடுவதற்கும் ஒரு பொதுவான ஆசாமி வேண்டுமே! நாடு பிரிந்த அதே ஆகஸ்டில், 1947-ல், சென்னை மாகாணத்துப் போக்கர் சாகிப் அரசியல் நிர்ணய சபையில் தனி வாக்காளர் தொகுதி வேண்டும் என்று கேட்டார், சபை ஒப்பவில்லை. 1949-ல் காயிதே மில்லத் இஸ்மாயில் சாகிப் அதையே மறுபடி கேட்டபோது, முஸ்லிம் பெண்மணியான பேகம் ஐஜாஸ் ரசூலே எதிர்த்தார். பெரும்பான்மையிடமிருந்து நிரந்தரமாகப் பிரித்து வைக்கும் ஏற்பாடு சிறுபான்மையைத்தான் அழிக்கும் என்பது அந்த அம்மாளின் கட்சி. அவர் சொன்னதுதான் சரி என்று நான் நினைக்கிறேன். ஆனால் இஸ்மாயில் சாகிப் வெறும் பிரிவினைக்காரர் என்று தள்ளிவிடுவதை ஒப்பமாட்டேன். திருநெல்வேலித் தமிழரான அவரைக் கேரளத்து மஞ்சேரி 1962, 1967, 1971 ஆகிய மூன்று தேர்தல்களிலும் பாராளுமன்றத்துக்கு அனுப்பிற்று. பாஷை வேறு, ஊர் வேறு; மதம் ஒன்று. மதத்துக்காகப் போட்டார்கள் என்று சொல்லிவிடலாம். அவருடைய நேர்மைக்கும் எளிமைக்கும் மதம் கடந்து மதிப்பிருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தேர்தலில் மதத்தின் பெயரால் ஓட்டுக் கேட்பது குற்றம் என்று 1951-ம் வருஷத்து ஜனப் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123-வது பிரிவு சொல்லுகிறது. கேட்பவரின் மதமா, வாக்காளரின் மதமும் சேர்ந்தா என்று வெகு காலம் வாதாடி, 2017 ஜனவரி 2-ல் ஏழு நீதிபதிகளில் நால்வர் இரண்டும் சேர்ந்துதான் என்றார்கள். மூவர் மாறுபட்டார்கள். ஜனங்கள் எதனால் நசுக்கப்படுகிறார்களோ அதைப் பேசக்கூடாது என்றால், தேர்தலில் வேறு எதைத்தான் பேசுவது என்பது மூவரின் கவலை. நால்வரின் தீர்ப்பே நாட்டுக்கு நல்லது. ஆனால் மூவரின் கவலையில் மனிதர்களைப் பற்றிய ஞானம் அதிகம் இருக்கிறது.

ஏனென்றால், மதத்தைப் பார்ப்பவர்கள் எல்லோரும் ஒரே காரணத்துக்காகப் பார்ப்பதில்லை. ஊரில் பத்தில் எட்டுப் பேர் தன் மதத்தவராக உள்ள ஒருவர், "நம்மவனா?" என்று கேட்பது ஒரு விதம். பத்தில் ஒருவராக இருப்பவர், "இவன் வந்தால் நம்மை நிம்மதியாக இருக்க விடுவானா?" என்று கேட்பது வேறு விதம். முதலாமவர் வீட்டைப் பெரிதாகக் கட்டப் பார்க்கிறார். இரண்டாமவர் கதவுக்குத் தாழ்ப்பாள் தேடுகிறார். இரண்டையும் 'மதவாதம்' என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டுவது சோம்பேறித்தனம். "அவர்களெல்லாம் மொத்தமாகப் போட்டுவிடுவார்கள்" என்று சிறுபான்மையாரைப் பற்றிக் குறை சொல்லும் நடுத்தர வர்க்கத்து நண்பர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் தெருவிலும் ஓட்டு மொத்தமாகத்தான் விழுகிறது. அதற்கு அங்கே பெயர் மட்டும் வேறு.

மதத்தைப் பார்க்கும் வழக்கத்தில் கதை எழுதுகிறவர்களின் பங்கும் உண்டு. ஒரு பாத்திரத்தை உள்ளே கொண்டுவரும்போது பட்டை விபூதியோ திருமண்ணோ சிலுவையோ குல்லாயோ மாட்டிவிட்டால், பாதி வேலை முடிந்தது. மிச்சத்தை வாசகர் தாமே நிரப்பிக்கொள்ளுவார். விபூதி பூசியவர் வட்டி வாங்குவார், பாதிரியார் சாந்தமாகப் பேசுவார், பாய் பிரியாணி போடுவார். இப்படி எழுதப்பட்ட நூற்றுக்கணக்கான பக்கங்கள் நம் பத்திரிகைகளில் வந்திருக்கின்றன. வாசகர்களும் முகம் சுளிக்காமல் படித்திருக்கிறார்கள். நெற்றியைப் பார்த்துக் குணத்தை ஊகிக்கும் வித்தையை வருஷம் முழுவதும் கதையில் கற்றுக்கொடுத்துவிட்டு, தேர்தல் அன்று மட்டும் மறந்துவிடு என்றால் எப்படி? ஆனால் தமிழ் நாவலின் தொடக்கம் இந்த மாதிரி இல்லை. 1879-ல் 'பிரதாப முதலியார் சரித்திரம்' எழுதிய வேதநாயகம் பிள்ளை கத்தோலிக்கர். மாயூரத்தில் முன்சீபாக இருந்து நியாயம் சொன்னவர். அவருடைய கதாநாயகனும் ஞானாம்பாளும் இந்துக் குடும்பத்தார். நூற்றைம்பது வருஷமாகப் படிக்கிறவர்கள் அந்தப் புஸ்தகத்தில் ஞானாம்பாளின் புத்திசாலித்தனத்தைப் பற்றிப் பேசுகிறார்களே தவிர, ஆசிரியர் எந்தக் கோயிலுக்குப் போனார் என்று விசாரித்துவிட்டுப் படிப்பவரை நான் கண்டதில்லை. முன்சீப் கோர்ட்டில் அவர் முன்னே நின்ற மாயூரத்து ஜனங்களுக்கும் வேண்டியிருந்தது தீர்ப்பின் நேர்மைதான்.

இங்கே ஒரு நண்பர் குறுக்கிடலாம்: "அப்படியானால் பார்க்கவே கூடாது என்றுதானே நீரும் சொல்லுகிறீர்?" இல்லை. நான் சொல்லுவது வேறு. அபேட்சகரின் மதத்தைப் பற்றிக் கேட்கலாம். அவர் பதில் சொல்லக்கூடிய கேள்வியாக இருந்தால் கேட்கலாம். 1960-ல் அமெரிக்காவில் கென்னடி ஜனாதிபதி பதவிக்கு நின்றபோது, அவர் கத்தோலிக்கர் என்பதால், ரோமிலிருந்து போப் ஆண்டவர் சொல்லுகிறபடி ஆட்சி நடத்துவாரோ என்று புராட்டஸ்டண்டுகள் பயந்தார்கள். பயத்தை மனசுக்குள் வைத்துக் குமுறாமல், ஹூஸ்டன் நகரத்துப் பாதிரிமார்கள் அந்த ஆண்டு செப்டம்பரில் அவரைக் கூப்பிட்டு முகத்துக்கு நேரே கேட்டார்கள். அவரும் போய் நின்று, சர்ச்சும் சர்க்காரும் தனித்தனி, பதவிக் காரியத்தில் யாருடைய உத்தரவையும் ஏற்கமாட்டேன் என்று பதில் சொன்னார். இது நாகரிகமான விசாரணை. "கோயில் சொத்தை எப்படி நிர்வகிக்கச் சொல்லுவீர்? பள்ளிக்கூடத்தில் எந்தப் பிள்ளையையாவது ஒதுக்கி உட்கார வைத்தால் என்ன செய்வீர்? உம்முடைய மதத்தலைவர் ஒன்று சொல்லி, சட்டம் வேறொன்று சொன்னால் எதைக் கேட்பீர்?" இவையெல்லாம் எந்த மதத்தவரையும் கேட்கலாம்; நாஸ்திகரையும் கேட்கலாம். பதிலைக் கேட்டுவிட்டு நம்பலாம், நம்பாமலும் போகலாம். "நீர் ஏன் எங்களவர் இல்லை?" என்பதற்கு மனிதன் என்ன பதில் சொல்ல முடியும்? அது கேள்வியே இல்லை, தீர்ப்பு.

நாஸ்திகரைப் பற்றிச் சொன்னேன். இங்கிலாந்தில் பிராட்லா என்ற நாஸ்திகரை நார்தாம்டன் ஜனங்கள் 1880-ல் தேர்ந்தெடுத்து அனுப்பினார்கள். பாராளுமன்றம் அவரை உட்கார விடவில்லை. ஜனங்கள் மறுபடி மறுபடி அவரையே அனுப்பினார்கள். 1886-ல்தான் ஆசனம் கிடைத்தது. நம் அடையாற்றில் பிற்காலத்தில் வாழ்ந்த அன்னி பெசன்ட் அம்மையார் அந்தப் போராட்ட காலத்தில் பிராட்லாவின் தோழி. நார்தாம்டன் செருப்புத் தொழிலாளிகள் அத்தனை பேரும் நாஸ்திகர்களா? ஒருபோதும் இல்லை. தமிழ்நாட்டிலும் இதற்கு இணை உண்டு. 1971 ஜனவரியில் சேலத்தில் திராவிடர் கழகம் நடத்திய மூடநம்பிக்கை ஒழிப்பு மாநாட்டு ஊர்வலத்தில் ராமர் அவமதிக்கப்பட்டார் என்று பெரும் கூக்குரல் எழுந்தது. மார்ச்சில் தேர்தல். தி.மு.க.வுக்கு ஓட்டுப் போடுவது ராமரை அடித்ததற்கு ஓட்டுப் போடுவதாகும் என்று சுவரெல்லாம் பிரசாரம். முடிவில் 234 இடங்களில் 184 இடங்கள் அந்தக் கட்சிக்குக் கிடைத்தன. இந்திரா காந்தியின் கூட்டு, எதிர்க்கட்சிகளின் பலவீனம் எல்லாம் அதில் சேர்ந்திருந்தன. இருந்தாலும், வீட்டில் ராமர் படத்துக்குப் பூப் போட்டுவிட்டு வந்து உதயசூரியனில் முத்திரை குத்திய லட்சக்கணக்கான பெண்களை யாரும் ஏமாளிகள் என்று சொல்ல முடியாது. ராமரைக் காப்பாற்ற எம்.எல்.ஏ. தேவையில்லை என்ற திடமான பக்தி அவர்களுடையது. அவமதிப்பை நான் நியாயப்படுத்தவில்லை. பிறர் கும்பிடுவதை அவமதிப்பது அற்பத்தனம். ஆனால் பக்திக்கும் ஓட்டுக்கும் இடையே அந்தப் பெண்கள் கிழித்த கோடு, பெரிய வக்கீல்கள் கிழிக்கும் கோட்டைவிட நேராக இருந்தது.

பழவேற்காட்டில் ஒரு படகுக்காரரிடம் இதைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தேன். ஏரியின் முகத்துவாரத்தைக் காட்டி அவர் சொன்னார்: "எங்க ஆளுன்னு ஒருத்தன் இங்க நிக்கவே முடியாது சார். ரெண்டு ஓட்டும் தனி. அதனால எவன் சாமி கும்புடுறான்னு பாத்து எங்களுக்கு ஆவப்போறது ஒண்ணுமில்ல. வாய் அடைச்சிக்கிது பாருங்க, அதை எவன் தொறந்து வைப்பான்னுதான் பாக்கணும்." முகத்துவாரத்தில் மணல் மூடிக்கொண்டால் கடல் தண்ணீர் ஏரிக்குள் வராது, இறால் குஞ்சு வராது, படகு வெளியே போகாது. தெற்கே அனல்மின் நிலையங்கள். காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,000 ஏக்கருக்கு மேல் விரிக்கத் திட்டம் வந்தபோது மாதா குப்பத்தாரும் ஆண்டிக்குப்பத்தாரும் சேர்ந்துதான் பயந்தார்கள். வடக்கே ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விடும் நாளில் கடலுக்குப் போகாதே என்று வரும் எச்சரிக்கை எல்லா வலைக்கும் பொது.

படகுக்காரரின் பேச்சை வைத்துப் பொன்னேரியை லட்சியபூமியாக்க எனக்கு உத்தேசமில்லை. அவரே, பாட்டில் தாழ்த்தப்பட்டவர்களைச் சேர்க்கலாமா என்று நான் கேட்டதும், "அது பரம்பரை வழக்கம் சார்" என்று துடுப்பை எடுத்துக்கொண்டார். ஆனால் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. தன்னவனுக்கே ஓட்டுப் போட வேண்டும் என்ற சித்தாந்தம் உண்மையானால், பொன்னேரியின் மீனவர்களும் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் மேல்சாதியாரும் பிரதிநிதியே இல்லாத அநாதைகளாக இருந்திருக்க வேண்டும். அவர்களோ தங்கள் சாதியும் மதமும் இல்லாத ஒருவரிடம் மனுக் கொடுக்கிறார்கள், வாக்குவாதம் செய்கிறார்கள், அடுத்த தேர்தலில் மாற்றுகிறார்கள். உத்தியோக நிமித்தம் வேறு ஊர்களில் வாழும் பலருக்கு இந்தப் பழக்கம் இன்னும் கைவரவில்லை.

மூன்றாவது பாராவின் நிலைமையைச் சொல்லி நிறுத்துகிறேன். அதை நீக்குவதற்கு எதிராகச் சொல்லப்படும் காரணம் லேசானதல்ல. தீண்டாமை இந்து சமூகத்தின் குற்றம், பரிகாரமும் அதற்குள்ளேயே. மதம் மாறியவர்களையும் சேர்த்தால் படிப்பில் முந்தியவர்கள் மற்றவர்களின் பங்கை எடுத்துக்கொள்ளுவார்கள் என்கிறார்கள். இரண்டாவது பயத்தில் நியாயம் இருக்கலாம். அதற்குப் பங்கைப் பெரிதாக்குவதுதான் வழி. முதலாவது காரணம், மதம் மாறியவுடன் சேரி மாறிவிடுகிறது என்று நம்புகிறவர்களுக்குத்தான் செல்லும். கல்லறையில்கூடச் சாதிக்கொரு மூலை வைத்த சர்ச்சுகள் தமிழ்நாட்டில் இருந்திருக்கின்றன. 2007-ல் ரங்கநாத் மிஸ்ரா கமிஷன் மூன்றாவது பாராவை எடுத்துவிடச் சொல்லிற்று. 2022-ல் பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு கமிஷன் போட்டார்கள். 2023 ஏப்ரல் 19-ல் தமிழ்நாடு சட்டசபை, கிறிஸ்தவரான ஆதிதிராவிடர்களுக்கும் அந்த உரிமையைக் கொடு என்று தீர்மானம் போட்டு டில்லிக்கு அனுப்பிற்று. அந்தத் தீர்மானத்தின்மீது பொன்னேரியின் பிரதிநிதியும் ஓட்டுப் போடலாம். அதனால் பயன்பெறப் போகிறவர் அந்த ஆசனத்தில் உட்கார்ந்து போட முடியாது. தாலுகா ஆபீசில் கொடுக்கும் சான்றிதழில் 'இந்து ஆதிதிராவிடர்' என்று இரண்டு சொற்கள் இருக்கும். ஏரிக்கரையில் அவரைக் குடத்திலிருந்து தள்ளி வைப்பது இரண்டாவது சொல். வேட்பு மனுவின்போது அவரைத் திருப்பி அனுப்புவது முதல் சொல் இல்லாத குறை.